ஆசிரியர்கள் எதைப் படிக்கிறார்கள்? மதுரை வட்டாரத்தை முன்வைத்து

2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு, தமிழ்நாட்டு ஆசிரியர்கள் பலரின் கையில் மறுபடியும் கைடைக் கொடுத்தது. ஒன்று முதல் எட்டாம் வகுப்புவரை கற்பிப்பவர்கள், ஓய்வுக்கு இன்னும் ஐந்தாண்டுக்கு மேல் இருந்தால், எந்த வருடம் வேலையில் சேர்ந்தவராக இருந்தாலும் இரண்டாண்டுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறியாக வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். மாநில அரசு மறுசீராய்வு கேட்டு மனுப் போட்டது. அது தனிக் கதை. இருபது, இருபத்தைந்து வருடம் பாடம் நடத்தியவர்கள் இப்போது பியாஜேயின் வளர்ச்சி நிலைகளையும் கோல்பர்க்கின் ஒழுக்க வளர்ச்சிப் படிகளையும் வரிசை மாறாமல் மனப்பாடம் செய்கிறார்கள். உசிலம்பட்டி பக்கம் போகிற காலை பஸ்ஸில் ஓர் ஆசிரியை பக்கத்தில் இடம் கிடைத்தால், அவர் செல்போனில் நகர்கிற வினா-விடை பிடிஎஃபை நாமும் கூடவே படித்துக்கொண்டு போகலாம்.

அண்மைக் காலத்தில் ஆசிரியர்கள் இவ்வளவு மும்முரமாகப் படித்ததில்லை என்று கிண்டலாகச் சொல்லலாம். கேள்வி என்னவோ கிண்டலுக்குரியது இல்லை. வேலையில் இருக்கும் ஆசிரியர் தன் தொழிலுக்காக எதைப் படிக்கிறார், யாருக்காகப் படிக்கிறார், படித்தது வகுப்பறைக்குள் போய்ச் சேர்கிறதா என்பதைப் பற்றி நம்மிடம் பேச்சே குறைவு. ஆசிரியர் சம்பளத்தைப் பேசுவோம், பயிற்சியைப் பேசுவோம், தேர்ச்சி விழுக்காட்டை விடிய விடியப் பேசுவோம். மதுரை நகரையும் அதைச் சுற்றிய மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டி, டி.கல்லுப்பட்டி வட்டாரங்களையும் கண் முன் வைத்துக்கொண்டு இந்தக் கேள்வியைப் பார்க்கலாம். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழில் ஆசிரியருக்கென்று உருக்கமான புத்தகங்கள் இருக்கின்றன. உத்தரவுப் புத்தகங்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே, நாளைக்கு இரண்டாவது பீரியடுக்கு உதவுகிற எழுத்துதான் இல்லை.

மதுரைக்கு இது நேற்று வந்த பிரச்சினை இல்லை. 1834இல் இங்கே காலூன்றிய அமெரிக்க மிஷன், பள்ளி திறப்பது சுலபம், வாத்தியார் கிடைப்பதுதான் கஷ்டம் என்பதைச் சீக்கிரமே தெரிந்துகொண்டது. யாழ்ப்பாணத்தில் 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரியின் முதல் தலைவராக இருந்த டேனியல் பூர், 1830களின் நடுவில் மதுரைக்கு வந்து ஊர் ஊராகப் பள்ளிகளை ஏற்படுத்தினார். பசுமலையில் செமினரியும், பின்னால் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியும் எழுந்தன. அமெரிக்கன் கல்லூரி நூலகம் இன்றைக்கும் பூர் பெயரில்தான் இருக்கிறது.

1901இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய நான்காம் தமிழ்ச் சங்கம் வேறொரு வழியைத் திறந்தது. அடுத்த ஆண்டு வெளிவரத் தொடங்கிய ‘செந்தமிழ்’ தமிழாசிரியர்களுக்கு ஒருவகையில் தொழில் இதழ். சங்கம் பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என்று படிப்படியாகத் தேர்வுகளும் நடத்தியது. அதில் தேறியவர்கள் பள்ளிகளில் தமிழாசிரியர் ஆனார்கள். படிப்பும் சான்றிதழும் அப்போதே பின்னிக்கொண்டன என்பதைக் கவனிக்க வேண்டும். ஆனால் ஒரு வித்தியாசம். ‘செந்தமி’ழைப் படித்த கூட்டமும் அதில் எழுதிய கூட்டமும் பெரும்பாலும் ஒன்றுதான். ஒரு பாடபேதத்தைப் பற்றி ஒருவர் எழுதினால், இன்னொருவர் பிறிதோர் இதழில் மறுப்பார். படிக்கிறவர் பதில் எழுதுகிறவராகவும் இருந்தார். இந்த இடத்துக்குப் பிறகு திரும்பி வர வேண்டியிருக்கும்.

சுதந்திரத்துக்குப் பிந்தைய தலைமுறைக்குப் படிப்பு என்றால் பட்டம். 1966இல் மதுரைப் பல்கலைக்கழகம் வந்தது. எழுபதுகளில் அதன் அஞ்சல்வழிக் கல்வி பரவியது. இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்தவர் வேலையை விடாமல் பி.ஏ. முடிப்பார், எம்.ஏ. முடிப்பார், பி.எட். முடிப்பார். தபாலில் வந்த பாடக் கட்டுகள், விடுமுறை நாள் தொடர்பு வகுப்புகள், தேர்வுக்கு முந்தைய இரவுகள் என்று தென்மாவட்ட ஆசிரியர் வீடுகளில் ஒரு முழுத் தலைமுறையே இப்படிப் படித்தது. உயர்கல்வி முடித்தால் ஊக்க ஊதியம் உண்டு. ஆசிரியர் பேச்சில் அதற்கு ‘இன்சென்டிவ்’ என்றே பெயர். 2020 மார்ச்சில் அரசு அதை நிறுத்தியது. சங்கங்கள் கொதித்தன, கொதித்ததில் நியாயமும் உண்டு. ஆனால் வரலாற்றில் எம்.ஏ. வாங்கிய இடைநிலை ஆசிரியருக்கு, மூன்றாம் வகுப்பில் கடன் வாங்கிக் கழித்தல் சொல்லிக்கொடுக்க அந்தப் பட்டம் எவ்வளவு உதவியிருக்கும் என்ற கேள்வியை அரசும் கேட்கவில்லை, சங்கமும் கேட்கவில்லை. நியாயமாகச் சொன்னால் அந்தப் பட்டப் படிப்பு ஒரு காரியம் செய்தது: ஐம்பது வயதிலும் புத்தகத்தைத் திறக்கிற பழக்கத்தை உயிரோடு வைத்திருந்தது. அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது.

இதற்கெல்லாம் அடியில், யாரும் தொழில்முறை வாசிப்பு என்று கணக்கில் சேர்க்காத ஒன்று ஓடிக்கொண்டே இருந்தது. அது கோனார் உரை. திருச்சியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த ஐயம்பெருமாள் கோனார் பெயரில் பழனியப்பா பிரதர்ஸ் போட்ட உரை மாணவருக்கானது என்றாலும், ஆசிரியர் மேசை இழுப்பறையில் அது இல்லாத பள்ளி அபூர்வம். அதைப் பார்த்துப் பாடம் நடத்துவது இளக்காரமாகப் பேசப்பட்டது. எனக்கு அதில் இளக்காரம் இல்லை. அருஞ்சொற்பொருளும் பொழிப்பும் கொண்ட ஒரு நம்பகமான புத்தகம் மாலை ஐந்து மணிக்குக் கைக்கு எட்டினால் யாரும் எடுக்கத்தான் செய்வார்கள். இன்று அந்த இடத்தில் வாட்ஸ்அப் குழுவில் வரும் ரெடிமேட் பாடக்குறிப்பு உட்கார்ந்திருக்கிறது. பெயரையும் தேதியையும் மாற்றிக் கையெழுத்துப் போட்டால் ஆய்வுக்கு வரும் அதிகாரியும் திருப்தி, ஆசிரியரும் திருப்தி.

அடுத்தது உத்தரவுப் புத்தகங்கள். 1986 தேசியக் கல்விக் கொள்கை மாவட்டந்தோறும் ஆசிரியர் கல்வி, பயிற்சி நிறுவனம் வேண்டும் என்றது. மதுரை மாவட்டத்துக்கு அது டி.கல்லுப்பட்டியில் அமைந்தது. ஊரும் பொருத்தமானதுதான். கோ. வேங்கடாசலபதி நடத்திய காந்தி நிகேதன் ஆசிரமம் 1940 முதல் இருக்கும் ஊர் அது. பிறகு அனைவருக்கும் கல்வி இயக்கம் வந்தபோது வட்டார வள மையம், குறுவள மையம் என்று கிளைகள் விட்டன. சனிக்கிழமை ‘சிஆர்சி’ (குறுவள மையக் கூட்டம்) என்றால் ஆசிரியர் வீட்டில் எல்லோருக்கும் புரியும்.

இந்த வழியாக வந்த வாசிப்பின் குணம், திட்டம் மாறும்போதெல்லாம் புத்தகமும் மாறுவது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல், ரிஷிவேலியின் அனுபவத்திலிருந்து எடுத்துக்கொண்டது. அட்டைகளும் கற்றல் ஏணியுமாக அது 2007-08இல் மாநிலம் முழுக்கப் பரவியது. அதற்கு ஒரு கையேடு. 2012இல் முப்பருவமும் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடும். அதற்கு ஒரு கையேடு. 2018இல் புதிய பாடநூல்கள். கொரோனாவுக்குப் பிறகு 2022இல் எண்ணும் எழுத்தும். பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்து, எந்த வாரம் எந்தப் பாட்டு, எந்தச் செயல்பாடு, எந்தப் பயிற்சிப் பக்கம் என்று அதன் ஆசிரியர் கையேடு சொல்லிவிடுகிறது.

இந்தக் கையேட்டை முழுக்கக் குறை சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்பை இரண்டு பேர் பார்க்கும்போது, ஒருவர் மீட்டிங்குக்குப் போய்விட்டால் மிச்சமிருப்பவருக்கு ‘இன்றைக்கு இதைச் செய்’ என்று ஒரு பக்கம் இருப்பது பெரிய ஆறுதல். புதிதாக வந்தவருக்கு அதுவே பாடம். குறை வேறிடத்தில் இருக்கிறது. கையேடு என்ன செய்ய வேண்டும் என்கிறது. ஏன் என்பதை ஓரிரு வரியில் முடித்துக்கொள்கிறது. மொட்டு நிலையிலேயே ஏழு மாதமாக நிற்கிற பிள்ளை எதனால் நிற்கிறாள் என்று யோசிக்க அது இடம் விடுவதில்லை. திட்டம் மாறியதும் கையேடு பீரோவுக்குப் போகிறது. அதோடு சேர்ந்து கற்றதும் போகிறது. செயல்வழிக் கற்றல் காலத்தில் கலப்பு வகுப்பைக் கையாளுவதில் ஆசிரியர்கள் பெற்ற கைத்திறன் கொஞ்சநஞ்சமில்லை. அதை எழுதி வைத்தவர்கள் எத்தனை பேர்?

உலகத்தில் இதை ஆராய்ந்தவர்கள் சொல்வது கையேட்டுக்கும் சாதகமில்லை, ஒருநாள் பயிற்சிக்கும் சாதகமில்லை. அமெரிக்காவில் 2007இல் யூன் என்பவரும் நால்வரும் சேர்ந்து, ஆசிரியர் பயிற்சி மாணவர் கற்றலை உயர்த்துகிறதா என்று ஆராய்ந்த 1,300க்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சலித்தார்கள். அவர்கள் வைத்த அளவுகோலைத் தாண்டியவை ஒன்பதே ஒன்பது. அந்த ஒன்பதில் ஆசிரியர்கள் சராசரியாக 49 மணி நேரம் பயிற்சி பெற்றிருந்தார்கள். மாணவர் கற்றல் தெளிவாக உயர்ந்திருந்தது. 14 மணி நேரமும் அதற்குக் குறைவும் நடந்தவற்றில் குறிப்பிடும்படியான பலன் இல்லை. நம்முடைய 2020 தேசியக் கல்விக் கொள்கை ஆண்டுக்கு 50 மணி நேரம் என்கிறது. எண் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருப்பதைப் பார்த்து மகிழ்ந்துவிட வேண்டியதில்லை. அந்த 49 மணி நேரம் பெரும்பாலும் ஒரே பாடம், ஒரே பிரச்சினை என்று ஆழமாகப் போனவை. நம் 50 மணி நேரம் திக்‌ஷா இணையதளத்தில் பத்துப் பதினைந்து தலைப்பாகத் துண்டுபட்டுப் போகலாம். 2019இல் வந்த நிஷ்தா பயிற்சி இணையத்துக்கு மாறியபோது, ஒரு பக்கம் வீடியோவை ஓடவிட்டு இன்னொரு பக்கம் நோட்டுத் திருத்தியது ஊரறிந்த ரகசியம். சான்றிதழ் என்னவோ வந்துவிடும்.

ஜாய்ஸ், ஷவர்ஸ் என்ற இருவர் எண்பதுகளில் இன்னொன்றைச் சொன்னார்கள். கோட்பாட்டைச் சொல்லி, செய்து காட்டி, பழகவும் வைத்தாலும், திரும்பித் தன் வகுப்புக்குப் போன ஆசிரியரிடம் அது தங்குவது கொஞ்சம்தான். பக்கத்தில் இருந்து பார்த்துப் பேசுகிற ஒரு சக ஆசிரியர் இருந்தால்தான் தங்குகிறது. தாமஸ் கஸ்கி 1986இல் எழுதியது இன்னும் சுவாரசியமானது. மனசு மாறினால் ஆசிரியர் செய்முறையை மாற்றுவார் என்று நினைக்கிறோம். நடப்பது தலைகீழ் என்றார் அவர். ஒன்றைச் செய்து பார்த்து, பிள்ளைகள் முகத்தில் மாற்றம் தெரிந்த பிறகுதான் ஆசிரியரின் மனசு மாறுகிறது. அப்படியென்றால் ஆசிரியருக்குத் தரும் வாசிப்பு, உடனே செய்து பார்க்கக்கூடிய சின்னக் காரியத்தில் தொடங்க வேண்டும். நம் பயிற்சிக் கட்டகங்கள் பெரும்பாலும் குறிக்கோள்களின் பட்டியலில் தொடங்குகின்றன.

இப்போது உருக்கமான புத்தகங்களுக்கு வருவோம். இந்தப் பக்கத்தில் தமிழ் ஏழை இல்லை. சொல்லப்போனால் கடந்த முப்பது வருடத்தில் கல்வி பற்றித் தமிழில் வந்த நல்ல புத்தகங்களில் ஒரு பகுதிக்கு மதுரையோடு நேரடிச் சம்பந்தம் உண்டு.

இத்தாலியில் பார்பியானா என்ற மலைக் கிராமத்தில் லொரென்சோ மிலானி என்ற பாதிரியார் நடத்திய பள்ளியின் மாணவர்கள், தங்களைத் தோற்கடித்து வீட்டுக்கு அனுப்பிய ஆசிரியருக்கு எழுதிய கடிதம் 1967இல் புத்தகமாக வந்தது. ஜே. ஷாஜஹான் தமிழில் தந்த ‘ஏன் டீச்சர் எங்களை ஃபெயிலாக்கினீங்க?’ அதுதான். போட்டது மதுரை வாசல் பதிப்பகம். கறுப்பினக் கல்வியாளர் மேரி மெக்லியோட் பெத்யூனின் வாழ்க்கையைச் சொல்லும் கமலாலயனின் ‘உனக்குப் படிக்கத் தெரியாது’ நூலும் அதே பதிப்பகத்தின் வெளியீடு. ஒரு சிறிய பதிப்பகம் இந்த இரண்டையும் தேர்ந்தெடுத்ததே ஒரு கல்விப் பார்வை. அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் கரைந்து வந்த பேராசிரியர் ச. மாடசாமியின் ‘எனக்குரிய இடம் எங்கே?’, ‘என் சிவப்புப் பால்பாயிண்ட் பேனா’ போன்றவை, வகுப்பறையில் அதிகாரம் எப்படிப் பேசுகிறது என்பதை அதட்டாமல் காட்டுபவை. இரா. நடராசனின் ‘ஆயிஷா’ பற்றிச் சொல்லவே வேண்டாம். கேள்வி கேட்டுக் கேட்டு அடிவாங்கும் மாணவி, அடி வலிக்காமலிருக்கத் தன் உடம்பிலேயே சோதனை செய்து இறந்துபோகிற கதையை அவளுடைய ஆசிரியையே சொல்கிறார். கணையாழி குறுநாவல் போட்டியில் பரிசு பெற்ற அந்தச் சின்னப் புத்தகம் இரவல் போகாத ஆசிரியர் அறை இல்லை. பள்ளிகளைப் பற்றிய திரைப்படங்களை ஆசிரியர்களுக்கு அறிமுகப்படுத்திய ‘கலகல வகுப்பறை’ சிவாவின் ‘கரும்பலகைக்கு அப்பால்’ நூலும் இந்த வரிசையில் வரும்.

மொழிபெயர்ப்பில் வந்தவை: தெத்சுகோ குரோயாநாகியின் ‘டோட்டோ-சான்’, ஐத்மாத்தவின் ‘முதல் ஆசிரியர்’, கிஜுபாய் பதேக்காவின் ‘பகல் கனவு’. கல்வி பற்றி ஆர்வமுள்ள எந்த ஆசிரியரைக் கேட்டாலும் இந்த மூன்றும் வாயில் வரும்.

இவற்றை வரிசையாகப் படித்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிகிறது. பெரும்பாலானவை ஆசிரியரின் மனச்சாட்சியோடு பேசுகின்றன. அடிக்காதே, அவமானப்படுத்தாதே, காது கொடு, பின்வரிசைக்காரனைப் பார். மிக அவசியமான பேச்சு; பிரம்பு ராஜ்யம் நடந்த பூமியில் இந்தப் புத்தகங்கள் செய்த வேலையை எந்தச் சுற்றறிக்கையும் செய்யவில்லை. ஆனால் ‘டோட்டோ-சான்’ படித்துக் கண் கலங்கிய ஆசிரியை மறுநாள் காலை ஐந்தாம் வகுப்புக்குள் போகிறார். 1/3 பெரிதா, 1/4 பெரிதா என்று கேட்கிறார். மூன்றைவிட நாலு பெரிது, அதனால் 1/4தான் பெரிது என்கிறது வகுப்பு. அந்தப் புத்தகத்தின் கோபயாஷி மாஸ்டர் அங்கே துணைக்கு வரமாட்டார். அன்பாக இருப்பது எப்படி என்று ஆசிரியைக்குத் தெரியும். அன்பாக இருந்துகொண்டே இந்தப் பிழையை என்ன செய்வது என்பதற்குத்தான் தமிழில் பக்கம் இல்லை.

விதிவிலக்காக நான் வைப்பது ‘பகல் கனவு’. 1885இல் பிறந்த கிஜுபாய் குஜராத்தின் பாவ்நகரில் பாலமந்திர் நடத்தியவர். முப்பதுகளின் தொடக்கத்தில் எழுதிய அந்தப் புத்தகம் கற்பனைதான். ஆனால் தொழில்காரர் எழுதிய கற்பனை. நாலாம் வகுப்பைச் சோதனைக்குக் கேட்டு வாங்கும் ஆசிரியர் முதல் நாளே அமைதி விளையாட்டு நடத்தப் பார்த்து, வகுப்பு சந்தைக்கடையாகி, பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார். மறுநாள் திட்டத்தை மாற்றிக் கதையைப் பிடிக்கிறார். கதை எப்படி நூலகமாகிறது, விளையாட்டு எப்படி ஒழுங்காகிறது, இலக்கணத்தை எந்த விளையாட்டில் ஒளித்து வைக்கிறார் என்று படிப்படியாக வருகிறது. பார்பியானா பையன்களின் கடிதத்திலும் வெறும் கோபம் இல்லை; எந்த வீட்டுப் பிள்ளை எந்த வகுப்பில் கழன்றுபோனான் என்று கணக்கெடுத்துப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். வாசகர்களாகிய நாம் கோபத்தை எடுத்துக்கொண்டு பட்டியலை விட்டுவிட்டோம்.

லீ ஷுல்மன் 1985இல் கல்வி ஆய்வாளர்களிடம் ஒரு கேள்வி கேட்டார். பாடம் தெரிந்தால் போதும் என்கிறீர்கள், அல்லது கற்பிக்கும் முறை தெரிந்தால் போதும் என்கிறீர்கள். இந்தக் குறிப்பிட்ட பாடத்தை இந்த வயதுப் பிள்ளை எங்கே தப்பாகப் புரிந்துகொள்ளும், அப்போது எந்த உதாரணம் எடுபடும் என்கிற அறிவு எங்கே போயிற்று? ஆசிரியரை மற்ற படித்தவர்களிடமிருந்து பிரித்துக் காட்டுவதே அந்த அறிவுதான் என்றார். தமிழில் எழுதப்படாமல் கிடப்பதும் அதுதான்.

ஒன்றைக் கிட்டப் போய்ப் பார்ப்போம்: தமிழ் எழுத்தைப் படிக்கக் கற்பது. 247 எழுத்து என்று சொல்லிப் பிள்ளையைப் பயமுறுத்துகிறோம். உண்மையில் அது கற்க வேண்டியது முப்பத்தொரு அடிப்படை எழுத்தும், சில குறிகளும், அவை ஒட்டுகிற விதமும். அந்த ஒட்டுதலில்தான் சிக்கல். ‘கொ’ என்ற எழுத்தில் ஒலிப்படி ககரம் முதலில், ஒகரம் பிறகு. கண்ணுக்கோ ஒற்றைக்கொம்பு முதலில், ககரம் நடுவில், துணைக்கால் கடைசியில். இடமிருந்து வலமாகப் போகிற பிள்ளை கொம்பைப் பார்த்ததும் ‘கெ’ என்கிறது. காலைப் பார்த்ததும் தடுமாறுகிறது. உகரத்தில் இன்னொரு வம்பு: ‘கு’வுக்கு ஒரு வளைவு, ‘து’வுக்கு ஒன்று, ‘சு’வுக்கு ஒன்று, ‘மு’வுக்கு ஒன்று. இங்கே விதி சொல்லிக்கொடுத்தால் எடுபடாது. வடிவத்தைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்துப் பழக்க வேண்டும். இதெல்லாம் எழுத்துக்கூட்டித் திணறும் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்த எந்த ஒன்றாம் வகுப்பு ஆசிரியைக்கும் தெரியும். தெரிந்தது அவரோடு ஓய்வு பெறுகிறது.

பிழை வரும் வழியும் ஒன்றல்ல. மதுரைப் பேச்சில் வாழைப்பழம் ‘வாளப்பளம்’. அப்படியே எழுதும் பிள்ளை காதில் கேட்டதைச் சரியாகத்தான் எழுதுகிறது. கொம்பை விட்டுவிட்டு எழுதும் பிள்ளை கண்ணில் தவறுகிறது. சிவப்புப் பேனா இரண்டையும் ஒரே மாதிரி சுழிக்கிறது. வைத்தியம் மட்டும் இரண்டுக்கும் வேறு வேறு. சோனாலி நாக் கன்னடப் பிள்ளைகளை வைத்துச் செய்து 2007இல் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய எழுத்து முறையில் எழுத்துகளை முழுக்க வசப்படுத்துவது ஓரிரு வருடக் காரியம் அல்ல, தொடக்கப் பள்ளியின் பிற்பகுதிவரை நீளும் என்று காட்டியது. இரண்டாம் வகுப்பு முடிவில் சரளமாகப் படிக்காத பிள்ளையை ‘மெல்லக் கற்போர்’ பட்டியலில் தள்ளிவிடும் நாம் படித்திருக்க வேண்டிய ஆய்வு. அது ஆங்கில ஆய்விதழில் இருக்கிறது. கொட்டாம்பட்டிப் பள்ளிக்கு எப்படி வரும்?

மதுரை நகரில் இன்னும் ஒரு முடிச்சு. வீட்டில் சௌராஷ்டிரம் பேசும் பிள்ளைகளும் தெலுங்கு பேசும் பிள்ளைகளும் தலைமுறை தலைமுறையாக இங்கே தமிழில் படிக்கிறார்கள். வீட்டு மொழியும் பள்ளி மொழியும் வேறாக இருக்கும் பிள்ளைக்குப் படிக்கக் கற்பிப்பது பற்றி இந்த ஊர் ஆசிரியர்களிடம் நூறாண்டு அனுபவம் இருக்கிறது. அதைப் பற்றி அவர்கள் எழுதிய ஒரு சிறுநூலும் என் கண்ணில் படவில்லை.

புத்தகம் கிடைக்கும் இடத்துக்குப் பஞ்சமில்லை என்பதால் அதை வேகமாகச் சொல்லிவிடலாம். 1948இல் சுதந்திர இந்தியாவில் முதலாவதாக வந்த சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் பிள்ளைதான் சிம்மக்கல் மாவட்ட மைய நூலகம். 2023 ஜூலை 15 அன்று, காமராசர் பிறந்த நாளில், நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தது. மேலவெளி வீதியில் சர்வோதய இலக்கியப் பண்ணை இருக்கிறது. தமுக்கத்தில் புத்தகக் கண்காட்சி நடக்கிறது. நூற்றாண்டு நூலகத்தில் ஆசிரியரைவிட ஆசிரியர் ஆகத் தேர்வு எழுதுபவர்கள்தான் அதிகம் கண்ணில் படுவார்கள். பேரையூர்ப் பக்கத்துப் பள்ளி ஆசிரியர் வாரநாளில் அங்கே வந்து திரும்புவது நடக்கிற காரியமா? சனிக்கிழமை பயிற்சி, ஞாயிற்றுக்கிழமை தேர்வுப் பணியோ வாக்காளர் பட்டியலோ. நேரம்தான் அவர்களிடம் இல்லை. அதைவிட, படித்ததைப் பேச ஆள் இல்லை.

பேச ஆள் இருந்தபோது என்ன நடந்தது என்பதற்கு இந்தியாவிலேயே நல்ல உதாரணம் ஹோஷங்காபாத். மத்தியப் பிரதேசத்தின் அந்த மாவட்டத்தில் 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டம் முப்பதாண்டு நடந்தது. மாதம் ஒருமுறை ஆசிரியர்கள் கூடி, எந்தச் சோதனை வகுப்பில் சொதப்பியது, பிள்ளைகள் என்ன கேள்வி கேட்டார்கள் என்று பேசினார்கள். அந்தப் பேச்சு பாடப் புத்தகத்தின் அடுத்த பதிப்பைத் திருத்தியது. 2002இல் மாநில அரசு மூடிவிட்டது. பள்ளி ஆசிரியர்கள் பாடநூலுக்குப் பதில் எழுத முடியும் என்பதை அதற்குள் அது நிரூபித்திருந்தது.

ஜப்பானில் இது ஊறிப்போன வழக்கம். நாலைந்து ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடவேளையை வாரக்கணக்கில் திட்டமிடுவார்கள். ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் ஆசிரியரைப் பார்க்காமல் பிள்ளைகளைப் பார்த்துக் குறிப்பெடுப்பார்கள். பிறகு திருத்தி இன்னொரு வகுப்பில் நடத்துவார்கள். முடிவில் அறிக்கை எழுதுவார்கள். அப்படி ஆசிரியர்கள் எழுதிய அறிக்கைகள் அங்கே புத்தகக் கடையில் விற்கின்றன என்று ஸ்டிக்லரும் ஹீபர்ட்டும் 1999இல் வியந்து எழுதினார்கள். நாம் ஜப்பானைத் தேடிப் போக வேண்டியதில்லை. தொண்ணூறுகளின் அறிவொளிக் காலத்தில் இரவு மையத்தில் பாடம் நடத்திவிட்டு, பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் அன்றைக்கு என்ன நடந்தது என்று பேசி எழுதிய ஆசிரியர்கள் தென்மாவட்டங்களில் நிறைய உண்டு. மாடசாமியின் எழுத்து அந்தப் பேச்சிலிருந்து வந்தது. 1980இல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் அதன் ‘துளிர்’ இதழும் அதே வழியைச் சேர்ந்தவைதாம். அறிவொளி ஓய்ந்ததும், எழுதும் பழக்கம் தனிப்பட்டவர்களின் ஆர்வமாகச் சுருங்கிவிட்டது.

அரசு 2022இல் மாணவர்களுக்கு ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ இதழ்களைத் தொடங்கியபோது ஆசிரியர்களுக்கு ‘கனவு ஆசிரியர்’ என்ற மாத இதழையும் தொடங்கியது. ‘செந்தமிழ்’ வந்து 120 வருடம் கழித்துப் பள்ளி ஆசிரியருக்கென்று அரசே ஓர் இதழ் நடத்துவது சின்ன விஷயமில்லை. பாராட்டும் அறிமுகமும் அதில் இருக்கட்டும். அதோடு ஒவ்வோர் இதழிலும், ஒரு பாடத்தில் ஒரு பிழை என்று எடுத்துக்கொண்டு, நடத்திப் பார்த்துத் தோற்றதையும் சேர்த்துச் சொல்லும் பக்கம் ஒன்று வேண்டும். தோற்றதை எழுதினால் மெமோ வராது என்ற உறுதியும் கூடவே வேண்டும். அது இல்லாமல் யாரும் உண்மையை எழுதமாட்டார்கள்.

மூலப்பொருள் ஏற்கெனவே இருக்கிறது. செயலாய்வு என்ற பெயரில் ஆசிரியர்கள் செய்யும் சிறு ஆய்வுகள் மாவட்ட ஆசிரியர் கல்வி நிறுவனங்களுக்குப் போகின்றன. நோக்கம், கருதுகோள், சராசரி, திட்ட விலக்கம், பரிந்துரை என்று ஒரே அச்சில் எழுதப்பட்டு, ஸ்பைரல் பைண்டிங் போட்டு, அலமாரியில் அடுக்கப்படுகின்றன. ஒன்றிரண்டைப் புரட்டினால், அந்த இயந்திரத் தமிழுக்கு நடுவே திடீரென்று ஒரு பத்தி உயிரோடு இருக்கும்: மூன்று வாரம் என்ன செய்தோம், எந்தப் பையன் எங்கே பிடிபட்டான் என்று. அந்தப் பத்தியை மட்டும் வெட்டி எடுத்து, பிள்ளையின் நோட்டுப் பக்கத்தின் படத்தோடு நாலு பக்கமாக ஆசிரியரையே மறுபடி எழுதச் சொல்ல வேண்டும். முதலில் மூன்று போதும்: ஒற்றைக்கொம்பும் துணைக்காலும், லகர ளகர ழகரம், கடன் வாங்கிக் கழித்தல். குறுவள மையத்தில் ஒரு மணி நேரம், பத்துப் பதினைந்து பேர், ஒரு கட்டுரை. அடுத்த மாதம் செய்து பார்த்ததைப் பேச இன்னொரு மணி நேரம். அச்சுச் செலவு வட்டார வள மையத்தின் ஜெராக்ஸ் மெஷினுக்குள் முடிந்துவிடும். அந்த ஒரு மணி நேரத்தைத்தான் எமிஸ் இணையதளப் பதிவேற்றத்திடமிருந்து பிடுங்க வேண்டியிருக்கும்.